அரைப்பேர் நாற்காலி

மருமகன் தர்ஷன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் ‘இலையுதிர்காலச் சலுகை’ என்று சொன்னதும், செல்லசாமிக் கங்காணிக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“எல உதிருதா? எந்த மலையில மாப்ள? எல உதிர்ந்தா கணக்கப்புள்ள சும்மா விட்ருவாரா?”

நாற்பது வருஷம் தேயிலையோடு கிடந்த மனிதர். அவருக்குத் தெரிந்து வருஷத்தில் மழைக்காலம் உண்டு, மூட்டக்காலம் உண்டு, அட்டைக்காலம் உண்டு. வெயில்காலம் என்று ஒன்று சித்திரையில் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும். இலை தன்பாட்டில் உதிர்கிற காலம் ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. அவர் கங்காணியாக இருந்தவரை எந்த இலைக்கும் அந்தத் துணிச்சல் வந்ததும் இல்லை.

தர்ஷன் பொறுமையாக விளக்கினான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒக்டோபர் மாதம் இலையுதிர்காலமாம். அந்தப் பெயரைச் சொல்லி இங்கேயும் விடுதிக்காரர்கள் விலையைக் குறைத்திருக்கிறார்களாம். தீபாவளிக்கு வரும்போது எல்லாரும் சேர்ந்து நுவரெலியாவுக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையிலேயே ஒரு பங்களாவில் தங்கலாமே என்றான்.

இந்த அக்கறைக்கு அவன் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. கல்யாணமான பிறகு இரண்டு தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிறான். இரண்டு தடவையும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் படுத்து, பக்கத்துக் காம்பரா செபமாலையின் குறட்டையைக் கேட்டபடி விடியும்வரை விழித்திருந்திருக்கிறான். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. செபமாலை அந்தப் பக்கம் குறட்டை விட்டால் இந்தப் பக்கம் பாத்திரங்கள் நடமாடும். ஒருநாள் சீனிப் போத்தல் தட்டின் ஓரம்வரை நடந்துபோனதாகவும், செபமாலை புரண்டு படுத்ததும் பயந்துபோய்த் திரும்பி வந்ததாகவும் மாமியார் அம்மாக்கண்ணு சொல்வாள். அதைப் பார்த்த கண் அவளுடையது மட்டும்தான்.

அடுத்த நாள் அம்மாக்கண்ணுவின் தொலைபேசிக்கு நான்கு படங்கள் வந்தன. அனுப்பியவள் மகள் ஜீவராணி. கூடவே அவள் குரலும் வந்தது.

“அம்மா, நுவரெலியா டவுன்ல லேக் பக்கம் எல்லா எடமும் ஃபுல்லு. இவரு வேற ஒண்ணு தேடிப் புடிச்சிருக்காரு. இதுவும் தண்ணி ஓரந்தானாம், பழைய வெள்ளக்காரங்க பங்களாவாம். எங்க இருக்குன்னு காசு கட்டுன பொறகுதான் சொல்லுவாங்களாம். நல்லாருக்கா பாருங்க.”

அம்மாக்கண்ணு ரொட்டி சுட்டுக்கொண்டே பார்த்தாள். முதல் படத்தில் கட்டில். இரண்டாவதில் குளிர் காயும் கணப்பு. மூன்றாவதில் முன்கதவு, அதில் சிங்கத்தலை போட்ட பித்தளைக் கைப்பிடி. சிங்கத்துக்கு இடது காது இல்லை.

ரொட்டி கருகியது.

அந்தக் காது எங்கே போனது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை இல்லாமல் ஆக்கியவளே அவள்தான்.

அது அவர்கள் தோட்டத்துப் பெரிய பங்களா. டேம் தண்ணீருக்கு அக்கரையில், அவர்கள் லயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அம்மாக்கண்ணு அங்கே வேலைக்குப் போன காலத்தில் தொங்குபாலத்தால் இருபது நிமிஷ நடை. பாலம் வெள்ளத்தில் போய் ஏழு வருஷமாகிறது. இப்போது போவதென்றால் மலையைச் சுற்றி ஒன்றரை மணித்தியாலம். யாரோ ஒரு ஹோட்டல்காரர் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளையடித்து, இங்கிலீஷில் ஏதோ பெயர் வைத்திருப்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். என்ன பெயர் என்று ஒருத்தரும் கேட்டு வைக்கவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்பதும் அம்மாக்கண்ணுவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நான்காவது படத்தில் முன் விறாந்தை. அங்கே அந்த நாற்காலி.

பிரம்பு பின்னிய சாய்நாற்காலி. காலைத் தூக்கிப் போட வசதியாக அதன் கைகள் முன்பக்கம் ஒரு முழம் நீண்டிருக்கும். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. பெரிய துரையின் தூரக்கண்ணாடி அந்த ஆணியில்தான் தொங்கும். துரை சாய்ந்துகொண்டு அந்தக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குருவி பார்ப்பார். அப்படித்தான் அம்மாக்கண்ணு நினைத்திருந்தாள்.

நாளைக்கு இரண்டு தடவை வீதம் இருபத்தாறு வருஷம் அதற்குத் தூசி தட்டியிருக்கிறாள். துரை அதில் உட்கார்ந்தார். துரைசாணி உட்கார்ந்தாள். வந்து போன விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். மற்ற நேரமெல்லாம் துரையின் நாய் அதில் படுத்துக் கிடந்தது. அம்மாக்கண்ணு உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை, துரை வீட்டார் கொழும்புக்குப் போயிருந்த நாளில், தூசித் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு மெல்ல இறங்கினாள். பாதி இறங்கியபோது நாய் உறுமியது. அவள் பாதியில் நின்றபடியே நாயைப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்தது. அவள் எழுந்துவிட்டாள்.

கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அன்றைய வேலைக்கு முழுநாள் கூலிக்கான முழுப்பேர் போடமாட்டார், அரைநாள் கூலிக்கான அரைப்பேர்தான். அந்த நாற்காலியில் அம்மாக்கண்ணுவுக்கு அரைப்பேர் விழுந்து இருபது வருஷமாகிறது. மற்ற அரைப்பேர் அக்கரையில், அந்த விறாந்தையில் கிடந்தது. தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது ஞாபகம் வரும்.

“நல்லாருக்கு,” என்று மகளுக்குக் குரல் அனுப்பினாள். “ரொம்ப நல்லாருக்கு. இதையே போடச் சொல்லு. வேற ஒண்ணும் தேட வேணாம்னு சொல்லு.”

இனி இருந்த சங்கடம் ஒன்றே ஒன்று. அது வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

செல்லசாமிக் கங்காணி அந்தப் பங்களாப் படியில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்து முப்பது வருஷமாகிவிட்டது. அப்போது அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்களை வேலையில் விட்டுவிட்டு, மேல்மலையில் வாகை மரத்தடிக் கல்லில் அரைமணி நேரம் கண்ணை மூடுவார். எந்தக் கண்ணுக்கும் தெரியாத இடம் அது. ஒருநாள் பெரிய துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனவரை விறாந்தையில் ஏறவிடாமல் படியிலேயே நிறுத்தினார். கொட்டுகிற மழையில் ஒரு மணித்தியாலம். எந்தெந்த நாள் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார், எந்தப் பக்கம் ஒருக்களித்தார் என்பதுவரை துரை ஒப்பித்தார்.

துரைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த மலையில் அப்போது மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தவர் செபமாலை ஒருவர்தான். அன்றைக்கு நின்றது இரண்டு பேருக்கும் பேச்சு. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்துகொண்டு முப்பது வருஷமாகச் சுவரோடுதான் பேசுவார்கள். “இந்தச் சொவருக்குச் சொல்றேன், பைப்புல தண்ணி வருது,” என்பார் ஒருவர். “சொவருக்குக் காது கேக்குது,” என்பார் மற்றவர்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், நாம் தங்கப்போவது பெரிய பங்களாவில் என்று சொன்னால் என்ன ஆகும்? அதனால் அம்மாக்கண்ணு சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முதல்நாள் மகளும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். ஜீவராணிக்குக் கொழும்பில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிறத்தியார் பார்வைக் குறையை அளக்கிறவள். தன் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அன்று பின்னேரமே விறாந்தைப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

“அம்மா, இந்தா தண்ணிக்கு அந்தப் பக்கம் நீலமா, சதுரமா ஒண்ணு தெரியுதே. என்னா அது?”

அது அவள் தலைக்கு மேலேயே இருந்தது. போன வருஷக் காற்றில் கூரைத் தகரம் பறந்தபோது போட்ட நீலத் தறப்பாள். தோட்டத்தில் நீலக் கூரை உள்ள ஒரே காம்பரா இவர்களுடையது.

அம்மாக்கண்ணு கண் சிமிட்டவில்லை. “அதுவா? நீச்சல் குளம்.”

“தண்ணிக்கு அக்கரையிலயா நீச்சல் குளம் கட்டுவாங்க?”

“பெரிய எடத்துல அப்பிடித்தான்டி. பக்கத்துல கட்டுனா குளிச்சிட்டு வர்றவங்க வீட்ட ஈரமாக்கிருவாங்கன்னு தள்ளிக் கட்டுவாங்க.”

ஜீவராணி தாயை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் செல்லசாமிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையிலேயே பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குப் போய், நீச்சலுக்கென்று ஒரு சிவப்புக் காற்சட்டை வாங்கி வந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புறப்படுகிற நாள் விடியற்காலை ஆறு மணிக்கு வாசலில் பெரட்டு வைத்தார். வேலைக்குப் போகிறவர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு அவருக்கு இரத்தத்தில் ஊறியது. ஓய்வு பெற்று ஆறு வருஷத்தில் கைக்குக் கிடைத்த முதல் பெரட்டு இது. கோட்டு, தலைப்பாகை, தடி எல்லாவற்றோடும் வந்து நின்றார்.

“ஜீவராணி!”

“இருக்கேன்பா.”

“ரொட்டி, சம்பல், சுடுதண்ணிப் போத்தல். மாப்ள!”

“என்ன மாமா?”

“பேர் கூப்ட்டா ‘என்ன’ன்னு கேக்கப்படாது. வரிசையில நில்லுங்க. கம்பளி நாலு, கொடை ரெண்டு, அட்டைக்குச் சவுக்காரம் ஒண்ணு. அம்மாக்கண்ணு!”

“இருக்கேங்க.”

“உனக்கு ஒண்ணும் இல்ல. நீ சும்மா வா.”

முப்பத்தைந்து வருஷ இல்லறத்தில் அவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மாக்கண்ணுவுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டதும் அது ஓடிவிட்டது.

“எடம் எங்கன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலியே?”

“லொக்கேஷன் வந்திருச்சு மாமா. அப்படியே டிரைவருக்குத் தள்ளிவிட்டுட்டேன்,” என்று தர்ஷன் சட்டைப்பையில் கையை விட்டான். “இருங்க, பாத்துச் சொல்றேன்.”

“மாப்ள, கால்ல அட்டை!” என்றாள் அம்மாக்கண்ணு.

கொழும்புப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். ஒரு காலில் குதித்துக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். இல்லாத அட்டையைத் தேடி முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது.

ஓட்டி வந்தவன் சுகந்தன். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் அடிவாரத்து நல்லதண்ணிக்கு இரவுபகலாக ஆள் ஏற்றுவான். மற்ற மாதங்களில் இப்படிக் கிடைக்கிற ஓட்டம். இறங்கியவன் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தான், தண்ணீருக்கு அக்கரையைப் பார்த்தான், மறுபடி தொலைபேசியைப் பார்த்தான். வாயைத் திறக்குமுன் அம்மாக்கண்ணு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற சாக்கில் அவனை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, இது அந்தா தெரியுற பங்களாவாச்சே. இங்கருந்து சத்தம் போட்டா அங்க கேக்கும்.”

“அதான் சத்தம் போடாதங்குறேன்.”

“சுத்திப் போனாலும் ஒன்றரை மணித்தியாலந்தான் ஆகும்.”

“நீ ஒரு பகல் எடுத்துக்க. மொதல்ல நுவரெலியா போ. லேக்கப் பாக்கட்டும், ஸ்ட்ரோபெரி தின்னட்டும். பொழுது சாஞ்சு மூட்டம் எறங்குன பொறகு கொண்டாந்து விடு.”

“அண்ணன் ரோட்டக் கண்டுபுடிச்சிருவாரேக்கா!”

“வேன்ல ஏறுனா அவருக்கு வாந்தி வரும். மாத்திரை போட்டா தூக்கம் வரும். மிச்சத்த மூட்டம் பாத்துக்கும்.”

“எதுக்குக்கா இவ்வளவு பாடு?”

அம்மாக்கண்ணு பழத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அங்க ஒரு நாக்காலி இருக்கு. அதுல நான் உக்காரணும்.”

சுகந்தன் பழத்தை வாங்கித் தானே குனிந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தான்.

நுவரெலியாவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏரிக்கரையில் தலைப்பாகையோடு நின்று செல்லசாமி தண்ணீரை ஒரு கங்காணியின் கண்ணால் அளந்தார்.

“நம்ம டேம்ல பாதி வராது. இதுக்கா டிக்கட்டு?”

இருந்தாலும் அன்னப்பட்சிப் படகில் ஏறினார். மிதித்தால்தான் நகரும் என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. நடுத்தண்ணீரில் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, முன்னால் இருந்த தர்ஷனை வேலை வாங்க ஆரம்பித்தார். “கைய ஓட்டு, கைய ஓட்டு, பேச்சக் கொற!” என்று கொழுந்து மலையில் போடுகிற சத்தம் கரைவரை கேட்டது. பக்கத்துப் படகுக்காரர்களும் பயந்துபோய் வேகமாக மிதித்தார்கள். அன்று அந்த ஏரியில் அன்னங்கள் போன வேகத்தைப் பார்த்துக் கரையில் நின்ற மட்டக்குதிரைகள் வெட்கப்பட்டன என்று அம்மாக்கண்ணு பிற்பாடு சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. மாத்திரை உள்ளே போயிற்று. மூட்டம் இறங்கியது.

அது சாதாரண மூட்டமல்ல. சுகந்தன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் முழங்கையோடு கை முடிந்துபோனது. எதிரே வந்த பஸ் ஒன்று நின்று, இது எந்த ஊர் என்று இவர்களிடம் விசாரித்தது. ஒரு வளைவில் வேன் தன்னுடைய பின்விளக்கையே கண்டு, வேறு வண்டி என்று நினைத்து ஹோர்ன் அடித்தது.

தோட்டத்துக்குத் திரும்புகிற வழியில், தலவாக்கலையைத் தாண்டும்போது செல்லசாமி ஒரு கண்ணைத் திறந்தார். “இது என்னா, தலவாக்கலை மாதிரி இருக்கே?”

“மூட்டத்துல எல்லா ஊரும் தலவாக்கலை மாதிரிதாண்ணே இருக்கும்,” என்றான் சுகந்தன்.

அது நியாயமாகப் பட்டது. கண் மூடிக்கொண்டது.

பங்களா வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கை கூப்பி “ஆயுபோவன்” சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள். அம்மாக்கண்ணுவின் கால்கள் மட்டும் அவளைக் கேட்காமலே இடப்பக்கம் திரும்பி, வேலைக்காரர்கள் புழங்கும் குசினிப் பின்கதவுக்கு நடக்க ஆரம்பித்தன. நாலடி போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அடம்பிடிக்கிற ஆட்டைத் திருப்புகிற மாதிரித் தன்னைத் திருப்பிக்கொண்டு வந்து முன்படியில் ஏறினாள்.

ஜீவராணி கதவுக் கைப்பிடியைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும், அம்மா பங்களாவில் துலக்கிய பித்தளைச் சிங்கத்தின் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

“அம்மா… இது…”

அம்மாக்கண்ணு அவள் இடுப்பில் கிள்ளிய கிள்ளில் மிச்ச வார்த்தை உள்ளேயே நின்றது. ஜீவராணி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். அவர் உள்ளே மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதான் எடம்!” என்றார் அவர். “இதுக்கு முன்னால நம்ம பெரிய பங்களா கெட்டுது போ!”

ஜீவராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிவிட்டாள்.

நாற்காலி மழைக்குப் பயந்து பொலித்தீன் போர்த்தியிருந்தது. காலையில்தான் எடுப்போம் என்றார் வெள்ளைக் கோட்டுக்காரர். இருபது வருஷம் பொறுத்தவளுக்கு ஓர் இரவு பெரிதல்ல. காலையில் எழுந்து மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்து அரை விறாந்தையைக் கூட்டிய பிறகுதான், தான் விருந்தாளி என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டு மணிக்குப் பொலித்தீன் விலகியது.

அம்மாக்கண்ணு இறங்கினாள். பாதி வழியில் தன்னை அறியாமல் நின்று, சுற்றுமுற்றும் நாயைத் தேடினாள். நாய் இல்லை. மிச்சப் பாதியும் இறங்கினாள்.

முதலில் தெரிந்தது, அது மகா மோசமான நாற்காலி என்பது. பின்பக்கம் குழிக்குள் போனது. கால் தரையில் எட்டவில்லை. ஒரு கட்டை முழங்காலுக்குக் கீழே அறுத்தது. கவிழ்த்துப் போட்ட வண்டு மாதிரி மல்லாந்து கிடந்தாள். பெரிய துரை ஏன் மாலையானால் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார் என்பது அவளுக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகு விளங்கியது. ஆனாலும் உட்கார்ந்தாயிற்று. வெள்ளைக் கோட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தாள்.

“வத்துர உத்துரலா நே, புதா,” என்று சிங்களத்தில் சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் கொதிக்கவில்லை, மகனே.

அவர் வேறு போட எடுத்துக்கொண்டு போனார். அம்மாக்கண்ணு ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில்தான் மூட்டம் கலைந்தது.

தண்ணீர் தெரிந்தது. அக்கரை லயம் தெரிந்தது. நீலத் தறப்பாள் தெரிந்தது. இதெல்லாம் நின்றபடி தூசி தட்டியபோதும் தெரிந்தவைதான். ஆனால் நிற்கிறவர் கண்ணுக்கு விறாந்தைக் கூரையின் ஓரப்பலகை மேல்மலையை மறைத்துவிடும். சாய்ந்து கிடக்கிற கண்ணுக்குப் பலகைக்கு அடியால் மலை உச்சிவரை திறந்து கிடந்தது. நட்டநடுவில், சட்டம் போட்ட படம் மாதிரி, ஒரு வாகை மரம். மரத்தடியில் ஒரு தட்டைக் கல்.

அம்மாக்கண்ணு சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள்.

“குருவியா பாத்த நீ?” என்றாள் இல்லாத துரையிடம்.

அந்த நேரம் பார்த்து, சிவப்புக் காற்சட்டையும் தோளில் துவாயுமாக செல்லசாமி நீச்சல் குளம் தேடிப் புல்தரையில் இறங்கினார். பத்தடி போனவர் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார். நீலத்துக்குப் பக்கத்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன்னுடைய சாரத்தைப் பார்த்தார். மெல்லத் திரும்பிப் பங்களாவைப் பார்த்தார். கடைசியாக, படியைப் பார்த்தார்.

“அம்மாக்கண்ணு!”

“திட்டுறத அப்புறம் திட்டுங்க. இங்க வந்து குனிஞ்சு ஒண்ணப் பாருங்க.”

“அந்தப் படியில நான் கால் வைக்க மாட்டேன்!”

“நேத்து வச்சாச்சு. ஏறியாச்சு, தூங்கியாச்சு, ‘கெட்டுது போ’ன்னும் சொல்லியாச்சு. வாங்க.”

அவர் வந்தார். “எந்திரி.”

“முடியாது.”

“என்னா திமிரு!”

“திமிரு இல்லங்க, நெசமாவே முடியல. குனிஞ்சு பாருங்க.”

செல்லசாமி அவள் தோளோடு தலையை வைத்துக் குனிந்தார். பலகைக்கு அடியால் வாகை மரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

“தூரக்கண்ணாடி எங்க தொங்கும்?”

“இந்தா, இந்த ஆணியில.”

“அப்ப… செபமால…”

“பாவம் அவரு. முப்பது வருஷம்.”

செல்லசாமி நிமிர்ந்தார். விடுவிடென்று புல்தரையின் விளிம்புக்குப் போனார். அக்கரையில் செபமாலை வாசலில் குந்திச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நூறு ஆட்களை ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு விரட்டிய அந்தக் குரலை செல்லசாமி முழுசாகத் திறந்தார்.

“செபமாலேய்! நீ இல்லய்யா! நீ இல்ல!”

தண்ணீரில் பட்டுப் பெருகிப் போன சத்தத்தில் ‘செபமாலை’ மட்டும்தான் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய பங்களாப் பக்கமிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்ட செபமாலை, கோப்பையைப் போட்டார், மண்வெட்டியை எடுத்தார், மலையில் ஓடி ஏறினார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமானது அவருக்கு நினைவில் இல்லை. ஜீவராணி அவசரமாகத் தொலைபேசியில் அழைத்தாள்.

“இப்ப பேச ஏலாது புள்ள,” என்று மூச்சிரைத்தார் செபமாலை. “பங்களாவுக்குப் புதுசா ஒரு தொர வந்துருக்காரு. செவப்புக் காச்சட்ட. கோவக்காரனாத் தெரியுது.”

அவருக்கு விஷயத்தை விளங்க வைத்து, சுகந்தனை அனுப்பி, மலையைச் சுற்றி வேனில் கொண்டுவந்து சேர்க்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. செபமாலை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். பழக்கம்.

“மேல வாய்யா,” என்றார் செல்லசாமி.

“இங்கயே நிக்கிறேன்.”

“மேல வாங்குறேன்ல!”

இரண்டு பேரும் விறாந்தையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். நடுவில் சுவர் இல்லாததால் எங்கே பார்த்துப் பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் செல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை சொன்னார்.

“ராத்திரியில கொஞ்சம் மெதுவா கொறட்ட விடுய்யா. மாப்ள தூங்க மாட்டேங்குறாரு.”

இதற்குள் வேறு ஒரு சிக்கல். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டமாம். சாமான்கள் வேனில் ஏறிவிட்டன. அம்மாக்கண்ணு மட்டும் நாற்காலியில் இருந்தாள்.

“அத்தை, கிளம்பலாமா?” என்றான் தர்ஷன்.

“நீங்க கெளம்புங்க. எனக்கு இன்னும் பேர் விழல.”

வெள்ளைக் கோட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். அம்மாக்கண்ணு அவரிடம் சிங்களத்தில், தான் இந்தக் கதவுச் சிங்கத்தை இருபத்தாறு வருஷம் துலக்கியவள் என்றாள். அவர் முகம் மாறியது.

“அப்ப அந்தக் காது?”

“நான்தான்.”

அந்தக் காதை உடைத்தது யார் என்று கேட்டு முதலாளி அவரை மூன்று தடவை வைதிருக்கிறாராம். இன்று பார்த்து விடை தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அவர் கோபிப்பதா, கும்பிடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீரில் மூன்றாவது கோப்பைத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

“இது சரி,” என்றாள் அம்மாக்கண்ணு.

மத்தியானம் போயிற்று. செல்லசாமி இரண்டு தடவை வந்து பார்த்தார்.

“நான் கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா?”

“நீங்க அக்கரையில படுத்ததே போதும்.”

நாலரை மணிக்கு அக்கரைத் தொழிற்சாலையில் வேலை விடுகிற சங்கு ஊதியது. அம்மாக்கண்ணு இரண்டு கையையும் நீட்டினாள். செல்லசாமி ஒரு கையையும் செபமாலை மறு கையையும் பிடிக்க, தர்ஷன் பின்னாலிருந்து தள்ள, மூன்றாவது தம்மில் நாற்காலி அவளை விட்டது.

எழுந்ததும் அவள் கை தானாக முந்தானையை எடுத்தது. நாற்காலியின் கைப்பிடியில் இருந்த தூசியைத் துடைக்கக் குனிந்தது. பாதியில் நின்றாள். வெள்ளைக் கோட்டுக்காரரைப் பார்த்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்படியால் இறங்கிப் போய் வேனில் ஏறினாள்.